‘இரண்டேமுக்கால்’ கற்பிக்கும் பாடம்: பின்னக் கணக்கில் எந்தச் செயல் முதலில்?

மாணவர்களே, கேமரன் மலைக்குப் போகும்போது குளிர்ச்சட்டை எடுத்துக்கொள்கிறோம். தாப்பாவில் வியர்க்கிறது, ரிங்லெட், தானா ராத்தா, பிரிஞ்சாங் என ஏற ஏறக் காற்று குளிர்கிறது. பிரிஞ்சாங்கைத் தாண்டிக் கியா பார்ம் சந்தையில் இறங்கினால் நண்பகலிலும் இதமாக இருக்கிறது. இதற்கு ஓர் எளிய அறிவியல் விதி உண்டு. தரையிலிருந்து மேலே போகப் போக, சராசரியாக ஒவ்வொரு கிலோமீட்டர் உயரத்துக்கும் வெப்பநிலை ஏறத்தாழ 6 1/2 டிகிரி செல்சியஸ் குறையும்.

இதை வைத்து ஒரு கணக்குப் போடுவோம். கடல் மட்டத்தில் 30 டிகிரி. கியா பார்மின் உயரம் சுமார் 1,600 மீட்டர், அதாவது 1 3/5 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் அங்கே வெப்பநிலை எவ்வளவு?

30 − 6 1/2 × 1 3/5

இந்த ஒரு வரியை இரண்டு மாணவர்கள் செய்கிறார்கள்.

முதல் மாணவர் இடமிருந்து வலமாகப் போகிறார். 30-இலிருந்து 6 1/2-ஐக் கழித்தால் 23 1/2. அதை 1 3/5-ஆல் பெருக்கினால் 37 3/5 டிகிரி. 

இரண்டாம் மாணவர் பெருக்கலை முதலில் செய்கிறார். 6 1/2 × 1 3/5 = 13/2 × 8/5 = 52/5 = 10 2/5. பிறகு 30 − 10 2/5 = 19 3/5 டிகிரி.

முதல் விடை சரியென்றால் கேமரன் மலை ஈப்போவைவிடச் சூடாக இருக்க வேண்டும். தேயிலையும் ஸ்ட்ராபெரியும் அங்கே வளராது. இரண்டாம் விடைதான் நாம் நேரில் உணரும் குளிரோடு பொருந்துகிறது. இருவருக்கும் பெருக்கத் தெரியும், கழிக்கத் தெரியும், கலப்புப் பின்னத்தைத் தகாப் பின்னமாக மாற்றவும் தெரியும். வேறுபாடு ஒன்றே ஒன்று: எதை முதலில் செய்தார்கள் என்பது.

இந்த வாரம் அந்த ஒன்றைத்தான் பார்க்கப் போகிறோம். படிவம் 1 கணிதத்தில் விகிதமுறு எண்கள் பாடத்தில் இது வருகிறது. பள்ளியில் ‘பெச்சாஹான்’ என்று மலாயில் படிக்கும் பின்னத்தை இங்கே தமிழில் படித்துப் பார்ப்போம்.

விதி என்ன?

நான்கே படிகள்.

முதலில் அடைப்புக்குறிக்குள் இருப்பது. அடைப்புக்குள் அடைப்பு இருந்தால், உள்ளே இருப்பதிலிருந்து வெளியே வர வேண்டும்.

இரண்டாவது அடுக்குகள், அதாவது வர்க்கம், கனம் போன்றவை.

மூன்றாவது பெருக்கலும் வகுத்தலும். இவை இரண்டும் சம தகுதி உள்ளவை. இடமிருந்து வலமாக, எது முதலில் வருகிறதோ அதை முதலில் செய்ய வேண்டும்.

நான்காவது கூட்டலும் கழித்தலும். இவையும் சம தகுதி உள்ளவை. இங்கும் இடமிருந்து வலம்.

முழு எண்களுக்கு ஒரு விதி, பின்னங்களுக்கு வேறு விதி என்று கிடையாது. இதே நான்கு படிகள்தாம். ஆனால் பின்னங்களில் சில அடைப்புக்குறிகள் கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்திருக்கின்றன. மதிப்பெண் பெரும்பாலும் போவது அங்கேதான். அவற்றைப் பின்னர் பார்ப்போம்.

பெருக்கல் ஏன் முந்திக்கொள்கிறது?

‘ஆசிரியர் சொன்னார், அதனால்’ என்பது போதாது. காரணம் தெரிந்தால்தான் விதி மறக்காது.

1/2 + 3 × 1/4 என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். 3 × 1/4 என்பது மூன்று கால்கள். விரித்து எழுதினால் 1/4 + 1/4 + 1/4. ஆகவே முழுக் கணக்கும் இப்படி விரிகிறது:

1/2 + 1/4 + 1/4 + 1/4 = 1 1/4

பெருக்கல் என்பது பல கூட்டல்களைச் சுருக்கிக் கட்டிய ஒரு பொட்டலம். பொட்டலத்தைப் பிரித்து உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று பார்க்காமல் அதை வேறொன்றோடு கூட்ட முடியாது. கூட்டலை முதலில் செய்தால் (1/2 + 3) × 1/4 = 7/8 என்று வரும். அது வேறு கணக்கு. ‘மூன்றரையில் கால் பங்கு’ என்ற கணக்கு.

உங்கள் நாக்குக்கு இந்த விதி ஏற்கெனவே தெரியும்

இப்போது ஒரு வேடிக்கை. ‘இரண்டேமுக்கால்’ என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள். அந்தச் சொல்லுக்குள் ஒரு கணக்கு இருக்கிறது.

‘முக்கால்’ என்பது மூன்று கால். 3 × 1/4. ‘இரண்டே’ என்பதில் உள்ள ‘ஏ’ கூட்டல் குறியின் வேலையைச் செய்கிறது. ஆகவே,

இரண்டேமுக்கால் = 2 + 3 × 1/4 = 2 3/4

யாராவது 2-ஐயும் 3-ஐயும் முதலில் கூட்டி, ‘ஐந்து கால், அதாவது ஒன்றேகால்’ என்று புரிந்துகொள்வார்களா? மாட்டார்கள். பெருக்கலை முதலிலும் கூட்டலைப் பிறகும் செய்ய வேண்டும் என்பதைத் தமிழ் பேசும் எல்லாரும் எண்ணிப் பார்க்காமலே செய்துகொண்டிருக்கிறோம்.

தமிழில் பின்னங்களுக்குத் தனித்தனிப் பெயர்கள் இருந்தன. அரை 1/2, கால் 1/4, அரைக்கால் 1/8, மாகாணி அல்லது வீசம் 1/16, மா 1/20, காணி 1/80, முந்திரி 1/320. பழைய திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் எண்சுவடியை வைத்து இவற்றை மனப்பாடம் செய்தார்கள். இந்தப் பெயர்களிலும் செயல் வரிசை இருக்கிறது. ‘அரைக்கால்’ என்பது அரையும் காலும் சேர்ந்தது அன்று, காலில் அரை. 1/2 × 1/4 = 1/8. நடுவில் ‘ஏ’ இல்லை, அதனால் பெருக்கல். ‘முக்காலே அரைக்கால்’ என்று சொன்னால் நடுவில் ‘ஏ’ இருக்கிறது. அப்படியானால்,

3 × 1/4 + 1/2 × 1/4 = 3/4 + 1/8 = 7/8

இரு பெருக்கல்கள் முதலில், கூட்டல் கடைசியில். ‘முக்காலே மூணு வீசம் பேர் வந்துவிட்டார்கள்’ என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஏறக்குறைய எல்லாரும் வந்துவிட்டார்கள் என்று பொருள். கணக்குப் போட்டால் 3 × 1/4 + 3 × 1/16 = 12/16 + 3/16 = 15/16. பதினாறில் ஒரு பங்குதான் பாக்கி! 

ஒளிந்திருக்கும் அடைப்பு ஒன்று: கலப்புப் பின்னம்

2 3/4 என்று எழுதும்போது 2-க்கும் 3/4-க்கும் இடையில் குறி எதுவும் இல்லை. ஆனால் அங்கே ஒரு கூட்டலும், அதைச் சுற்றி ஓர் அடைப்பும் இருக்கின்றன: (2 + 3/4).

2 3/4 × 4 என்ற கணக்கில் சிலர் 3/4-ஐ மட்டும் 4-ஆல் பெருக்கி, 2 + 3 = 5 என்று எழுதிவிடுவார்கள். சிலர் 2-ஐ மட்டும் பெருக்கி 8 3/4 என்பார்கள். சரியான விடை 11. தப்பிக்க ஓர் எளிய வழி: பெருக்கவோ வகுக்கவோ தொடங்கும் முன் கலப்புப் பின்னத்தைத் தகாப் பின்னமாக மாற்றிவிடுங்கள். 2 3/4 = 11/4. அப்புறம் 11/4 × 4 = 11. தகாப் பின்னமாக மாற்றுவது என்பது ஒளிந்திருந்த அடைப்பைத் திறந்து முதலில் முடித்துவிடுவதுதான்.

ஒளிந்திருக்கும் அடைப்பு இரண்டு: பின்னக்கோடு

பாஸ்கரர் 1150-ஆம் ஆண்டு வாக்கில் ‘லீலாவதி’ எழுதிய காலத்தில், இந்தியாவில் பின்னத்தின் தொகுதி எண்ணை மேலேயும் பகுதி எண்ணைக் கீழேயும் கோடு இல்லாமல் எழுதினார்கள். நடுவில் கோடு போடும் வழக்கம் அரபு உலகில் வளர்ந்தது. இத்தாலியின் பிபொனாச்சி 1202-இல் எழுதிய நூல் அதை ஐரோப்பாவில் பரப்பியது. அந்தச் சின்னக் கோடு இரண்டு வேலை செய்கிறது. ஒன்று, வகுக்கச் சொல்கிறது. மற்றொன்று, மேலே இருப்பதை ஓர் அடைப்பாகவும் கீழே இருப்பதை இன்னோர் அடைப்பாகவும் கட்டிவைக்கிறது.

இதைக் கால்குலேட்டரில் சோதித்துப் பார்க்கலாம். ஒருவர் காலையில் பறித்த கொழுந்து 9 1/2 கிலோ, மாலையில் 11 1/4 கிலோ. சராசரி என்ன? தாளில் எழுதும்போது இரண்டையும் கூட்டி, கீழே நீளக் கோடு போட்டு 2 என்று எழுதுவோம். பல கால்குலேட்டர்களில் கோடு இல்லை. அறிவியல் கால்குலேட்டரில் 9.5 + 11.25 ÷ 2 என்று அப்படியே தட்டினால் 15.125 வரும். பெரிய எண்ணே 11.25-தான், சராசரி அதைவிடப் பெரிதாக இருக்க முடியுமா? அடைப்புப் போட்டு (9.5 + 11.25) ÷ 2 என்று தட்டினால்தான் 10.375, அதாவது 10 3/8 கிலோ என்ற சரியான விடை கிடைக்கும்.

இன்னொன்று: 1/2 ÷ 3/4. இதை 1 ÷ 2 ÷ 3 ÷ 4 என்று தட்டினால், இடமிருந்து வலமாக வகுத்து 1/24-ஐத் தரும். சரியான விடை 1/2 × 4/3 = 2/3. பதினாறு மடங்கு வேறுபாடு! 3/4 என்ற பின்னம் ஒரே எண். அதை அடைப்புக்குள் வைத்து (1 ÷ 2) ÷ (3 ÷ 4) என்று தட்ட வேண்டும்.

கடைகளில் பார்க்கும் சாதாரண கால்குலேட்டர்கள் பெரும்பாலும் செயல் வரிசையைப் பார்ப்பதில்லை; தட்டத் தட்டக் கணக்கை முடித்துக்கொண்டே போகும். 2 + 3 × 4 என்று தட்டினால் 20 காட்டும். அறிவியல் கால்குலேட்டர் 14 காட்டும். பொறி பழுதாகவில்லை, அது எப்படிக் கணக்கிடும் என்பதைத் தெரிந்துகொண்டு தட்டுவது நம் பொறுப்பு.

‘போட்மாஸ்’ என்ற சொல்லில் உள்ள பொறி

வரிசையை நினைவில் வைக்க ‘போட்மாஸ்’ என்ற சொல்லைப் பலர் கற்றிருப்பீர்கள். நல்ல சொல்தான், ஆனால் அதில் வகுத்தலுக்கான எழுத்து பெருக்கலுக்கு முன்னால் இருக்கிறது. அமெரிக்க மாணவர்கள் கற்கும் ‘பெம்டாஸ்’ என்ற சொல்லில் பெருக்கல் முன்னால் இருக்கிறது. எழுத்து வரிசையை அப்படியே பின்பற்றினால் மலேசியாவில் ஒரு விடையும் அமெரிக்காவில் வேறு விடையும் வர வேண்டும். கணிதம் நாட்டுக்கு நாடு மாறாது. இரண்டும் சம தகுதி, இடமிருந்து வலம் என்பதுதான் உண்மையான விதி.

ஒரு கடைக்காரரிடம் 3/4 கிலோ தேயிலைத் தூள் இருக்கிறது. அதை 1/8 கிலோ பொட்டலங்களாகக் கட்டி, ஒரு பொட்டலம் 5 1/2 ரிங்கிட்டுக்கு விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் எவ்வளவு கிடைக்கும்?

3/4 ÷ 1/8 × 5 1/2

இடமிருந்து வலமாக: 3/4 ÷ 1/8 = 3/4 × 8 = 6 பொட்டலங்கள். 6 × 11/2 = 33 ரிங்கிட்.

பெருக்கலை முதலில் செய்தால்: 1/8 × 11/2 = 11/16. பிறகு 3/4 ÷ 11/16 = 3/4 × 16/11 = 12/11, அதாவது ஏறத்தாழ 1 ரிங்கிட் 9 சென். 33 ரிங்கிட் சரக்கு 1 ரிங்கிட்டுக்குப் போய்விட்டது!

கூட்டல், கழித்தலிலும் இதே பொறி உண்டு. காய்கறித் தோட்டத்துத் தண்ணீர்த் தொட்டியில் 5/6 பங்கு நீர். அதில் தொட்டியின் 1/2 பங்கு அளவு செடிகளுக்குப் போனது. பிறகு பெய்த மழையில் 1/3 பங்கு அளவு நீர் சேர்ந்தது. 

5/6 − 1/2 + 1/3 = 5/6 − 3/6 + 2/6 = 4/6 = 2/3

கூட்டலை முதலில் செய்து 1/2 + 1/3 = 5/6 என்று எடுத்தால், 5/6 − 5/6 = 0. மழை பெய்த பிறகு தொட்டி காலி! கழித்தல் குறி தனக்கு அடுத்துள்ள எண்ணை மட்டுமே பிடிக்கும். அதற்கு அப்பால் உள்ளதைப் பிடிக்காது.

2019-ஆம் ஆண்டில் 8 ÷ 2(2 + 2) என்ற ஒரு வரிக் கணக்கு சமூக ஊடகங்களில் உலகம் முழுவதும் சுற்றியது. விடை 16 என்று ஒரு சாராரும் 1 என்று மறுசாராரும் நாள்கணக்கில் வாதிட்டார்கள். இடமிருந்து வலமாகச் செய்தால் 16. குறியில்லாமல் ஒட்டி எழுதிய 2(2 + 2)-ஐ ஒரே பொட்டலமாகக் கொண்டால் 1. சண்டைக்குக் காரணம் கணிதம் அன்று. கணக்கை எழுதிய விதம். பின்னக்கோடு போட்டு எழுதியிருந்தால், எது மேலே எது கீழே என்பது தெளிவாகியிருக்கும். பெருக்கலுக்கு × குறியை வில்லியம் ஓட்ரெட் 1631-இல் அச்சில் பயன்படுத்தினார்; வகுத்தலுக்கு ÷ குறியை யோஹான் ரான் 1659-இல் பயன்படுத்தினார். குறிகள் மனிதர்கள் செய்துகொண்ட ஏற்பாடு. ஆகவே நாம் எழுதுவது படிப்பவருக்கு ஒரே பொருளைத் தர வேண்டும். ஐயம் வரும் இடத்தில் அடைப்புப் போடுங்கள். கூடுதல் அடைப்புக்கு யாரும் மதிப்பெண் குறைக்க மாட்டார்கள்.

‘மீதியில்’ என்ற சொல்லைப் பார்த்தால் நில்லுங்கள்

கதைக் கணக்குகளில் அடைப்புக்குறி எழுதியிருக்காது. நாம்தான் கண்டுபிடித்துப் போட வேண்டும். ‘மீதியில்’ என்ற சொல் வந்தால் அடைப்பு தேவை என்று பொருள்.

ஒரு கடையில் 24 பெட்டி ஸ்ட்ராபெரி. காலையில் 1/3 பங்கு விற்றது. மீதியில் 3/4 பங்கு மாலைக்குள் விற்றது. எத்தனை பெட்டி மிச்சம்?

காலைக்குப் பிறகு மீதி (1 − 1/3). அதில் 3/4 போனால் நிற்பது (1 − 3/4) பங்கு. ஆகவே,

24 × (1 − 1/3) × (1 − 3/4) = 24 × 2/3 × 1/4 = 4 பெட்டிகள்

அடைப்பு இல்லாமல், மொத்தத்திலிருந்தே இரண்டையும் கழித்தால் 1 − 1/3 − 3/4 = −1/12. மிச்சம் பூஜ்ஜியத்துக்கும் கீழே! இல்லாத பழத்தை யாரும் விற்க முடியாது. ‘மொத்தத்தில்’ என்பதும் ‘மீதியில்’ என்பதும் வேறு வேறு.

இன்னொரு சொல்லையும் கவனியுங்கள்: ‘240-இல் 3/4’. இந்த ‘இல்’ பெருக்கலைக் குறிக்கிறது. பச்சைத் தேயிலைக் கொழுந்தின் எடையில் நான்கில் மூன்று பங்கோ அதற்குச் சற்றுக் கூடுதலாகவோ வெறும் நீர்தான். ஆலையில் வாட்டி, உருட்டி, நிறம் மாறும்வரை காற்றுப்பட வைத்து, உலர்த்தி முடிக்கும்போது அந்த நீரில் பெரும்பகுதி போய்விடுகிறது. அதனால்தான் ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு ஏறத்தாழ 4 முதல் 5 கிலோ பச்சைக் கொழுந்து வேண்டியிருக்கிறது. 240 கிலோ கொழுந்தில் 3/4 பங்கு நீர் போனால், 240 − 3/4 × 240 = 240 − 180 = 60 கிலோ. கழித்தலை முதலில் செய்தால் 239 1/4 × 240 = 57,420 கிலோ! ஒரு லாரிக் கொழுந்து ஐம்பத்தேழு டன் தூளாகிவிடும்.

நிறுவை: ஓர் அடைப்புக்குறியின் விலை

கியா பார்மிலிருந்து பிரியும் மலைச்சாலை சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டத்துக்கும் பிரிஞ்சாங் மலை உச்சிக்கும் போகிறது. 1885-இல் வில்லியம் கேமரன் நில அளவைக்கு வந்ததால் இந்த மலைக்கு அவர் பெயர். ஜே.ஏ. ரஸ்ஸல் 1929-இல் போ தேயிலை நிறுவனத்தைத் தொடங்கினார். இந்தச் சரிவுகளில் தேயிலை வளர்த்த உழைப்பில் தமிழர்களின் பங்கு பெரிது. தேயிலைத் தோட்டத்தில் நாளின் முக்கியமான நேரம் நிறுவை. பறித்த கொழுந்தைக் கூடையோடு நிறுத்து, கூடையின் எடையைக் கழித்துப் பெயருக்கு நேரே எழுதுவார்கள். எடைக்குக் கூலி என்னும் இடத்தில், அங்கே நடக்கும் பின்னக் கணக்குதான் அடுப்படிக்குப் போகிறது.

பின்வரும் எண்கள் பயிற்சிக்காக நாம் வைத்துக்கொள்பவை. ஒருவர் மூன்று முறை நிறுக்கிறார்: 9 1/2, 11 1/4, 10 3/4 கிலோ. வெறும் கூடை 1 1/2 கிலோ. கொழுந்தின் எடை?

9 1/2 + 11 1/4 + 10 3/4 − 3 × 1 1/2
= 31 1/2 − 4 1/2
= 27 கிலோ

இடமிருந்து வலமாகச் செய்தால் 28 1/2 × 1 1/2 = 42 3/4. கூடையோடு சேர்த்தே 31 1/2 கிலோதான். இந்தப் பிழையை யாரும் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். ஆபத்தானது இதுவன்று. பார்த்தால் தெரியாத பிழைதான் ஆபத்தானது. 

அன்று மழை. கொழுந்து நனைந்திருப்பதால், ஈரத்துக்காக 1/10 பங்கு கழிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நிற்பது 9/10 பங்கு. இரண்டு பேர் இதை இரண்டு விதமாக எழுதுகிறார்கள்.

முதலாமவர்: (31 1/2 − 4 1/2) × 9/10 = 27 × 9/10 = 24 3/10 கிலோ.

இரண்டாமவர்: 31 1/2 × 9/10 − 4 1/2 = 28 7/20 − 4 1/2 = 23 17/20 கிலோ.

இரண்டு விடைகளும் நம்பும்படியாகவே இருக்கின்றன. இரண்டிலும் செயல் வரிசை விதி மீறப்படவில்லை. ஆனால் இரண்டாவது கணக்கில், கூடையின் எடைக்கும் சேர்த்து ஈரக் கழிவு போடப்பட்டுவிட்டது. அந்தக் கூடை எடையோ பிறகு முழுதாகவும் கழிக்கப்படுகிறது. வேறுபாட்டைப் பாருங்கள்: 24 3/10 − 23 17/20 = 9/20 கிலோ. அது சரியாக 4 1/2 × 1/10. கூடையை இரண்டு முறை கழித்த பங்கு!

அரைக் கிலோகூட இல்லையே என்று தோன்றும். மாதத்தில் 20 மழை நாள் என்றால் 20 × 9/20 = 9 கிலோ. கிலோவுக்கு 3/10 ரிங்கிட் என்று வைத்தால் 2 ரிங்கிட் 70 சென். இப்படி 50 பேர் என்றால் 135 ரிங்கிட். யாரும் திருடவில்லை, ஓர் அடைப்புக்குறியை விட்டுவிட்டார்கள், அவ்வளவுதான். கொழுந்து பறித்தவர் தம் கணக்கைத் தாமே போட்டுப் பார்க்கத் தெரிந்திருந்தால், ‘கூடையை முதலில் கழியுங்கள்’ என்று கேட்டிருப்பார்.

விதி தெரிந்தால் எழுதிய கணக்கைச் சரியாகச் செய்யலாம். எந்த எடையில் எதைக் கழிக்கிறோம் என்று யோசித்தால்தான் கணக்கையே சரியாக எழுதலாம். இரண்டும் வேண்டும்.

ஒரு பெரிய கணக்கைப் படிப்படியாக

2 1/2 − [3/4 + 1/2 × (5/6 − 1/3)] ÷ 1/2

படி 1: கலப்புப் பின்னத்தை மாற்றுங்கள். 2 1/2 = 5/2.
படி 2: உள் அடைப்பு. 5/6 − 1/3 = 5/6 − 2/6 = 3/6 = 1/2.
படி 3: வெளி அடைப்புக்குள் பெருக்கல் முதலில். 1/2 × 1/2 = 1/4.
படி 4: பிறகு கூட்டல். 3/4 + 1/4 = 1.
படி 5: அடைப்புகள் முடிந்தன. இப்போது 5/2 − 1 ÷ 1/2. வகுத்தல் முதலில்: 1 × 2 = 2.
படி 6: கழித்தல். 5/2 − 2 = 1/2.

விடை 1/2. ஒவ்வொரு வரியிலும் ஒரே ஒரு செயலை மட்டும் முடித்து, மற்றதை மாற்றாமல் கீழே எழுதுங்கள். பிழை வந்தாலும் எந்த வரியில் வந்தது என்பது தெரியும்.

அடுக்குகளிலும் கவனம் வேண்டும். 2/3-இன் வர்க்கம் என்றால் அடைப்புப் போட்டு (2/3)² என்று எழுதுங்கள், அது 4/9. அடைப்பை விட்டு 2²/3 என்று எழுதினால் 4/3 ஆகிவிடும். முதலாவது ஒன்றைவிடச் சிறியது, இரண்டாவது பெரியது.

நீங்களே செய்து பாருங்கள்

1. 1/2 + 1/2 × 1/2
2. 7/8 − 1/4 + 3/8
3. 2/3 ÷ 4/9 × 1/2
4. 3 1/2 − 1 1/4 × (2/5 + 6/5)
5. 36 சோளக் கதிர்களில் 1/4 பங்கு காலையில் விற்றது. மீதியில் 2/3 பங்கு பிற்பகலில் விற்றது. மிச்சம் எத்தனை?
6. கடல் மட்டத்தில் 30 டிகிரி என்றால், சுமார் 2 கிலோமீட்டர் உயரமுள்ள பிரிஞ்சாங் மலை உச்சியில் வெப்பநிலை எவ்வளவு இருக்கும்?
7. 1/2 + 1/4 × 4 − 1 இதன் விடை 1/2. எண்களையும் குறிகளையும் மாற்றாமல் அடைப்பு மட்டும் போட்டு 2, 1 1/4, 2 1/4 ஆகிய மூன்று விடைகளையும் வரவழையுங்கள்.

விடைகள்

1. 3/4. (1/2 வந்திருந்தால் கூட்டலை முதலில் செய்துவிட்டீர்கள்.)
2. 1. (1/4 வந்திருந்தால் கூட்டலைக் கழித்தலுக்கு முன் செய்துவிட்டீர்கள்.)
3. 3/4. (3 வந்திருந்தால் பெருக்கலை வகுத்தலுக்கு முன் செய்துவிட்டீர்கள்.)
4. 1 1/2. அடைப்புக்குள் 8/5; 5/4 × 8/5 = 2; 3 1/2 − 2.
5. 36 × 3/4 × 1/3 = 9 கதிர்கள்.
6. 30 − 6 1/2 × 2 = 17 டிகிரி.
7. (1/2 + 1/4) × 4 − 1 = 2. அடுத்து, 1/2 + 1/4 × (4 − 1) = 1 1/4. கடைசியாக, (1/2 + 1/4) × (4 − 1) = 2 1/4.

ஏழாம் கணக்கை இன்னொரு முறை பாருங்கள். அதே நான்கு எண்கள், அதே மூன்று குறிகள், ஆனால் நான்கு வெவ்வேறு விடைகள். விடை வந்தவுடன் பேனாவை மூடிவிடாமல் ஒரு கேள்வி கேளுங்கள்: இது நடக்கக்கூடியதா? மலை கடற்கரையைவிடச் சூடாகுமா? மிச்சம் பூஜ்ஜியத்துக்குக் கீழே போகுமா? சராசரி பெரிய எண்ணைத் தாண்டுமா? இந்தக் கேள்வியைக் கேட்கும் பழக்கம் வந்துவிட்டால், பாதிப் பிழைகளை ஆசிரியர் பார்ப்பதற்கு முன் நீங்களே திருத்திவிடுவீர்கள். மற்றப் பிழைகளைக் கண்டுபிடிக்க, எழுதிய அடைப்பு ஒவ்வொன்றும் எதைக் கட்டுகிறது என்று பாருங்கள்.